வராத புலிக்குக் கட்டம் இல்லை

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. என்னுடையது வெயில் காலத்தில் மை கக்கும்; விரலெல்லாம் நீலமாகிவிடும். நேற்று விசாரணையில் நான் வாய் திறக்காமல் இருந்ததை உங்களுடன் வந்தவர் திமிர் என்று நினைத்துக்கொண்டார். திமிர் இல்லை. எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும். அது புரிந்து காகிதம் கொடுத்தவர் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வேலை என்னவென்று புரியவில்லை என்றீர்கள். பலருக்குப் புரியாது. என் அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை; மகள் டிவி பார்க்கிற கம்பெனியில் இருக்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வார்.

பெரிய அலுவலகங்களில் எல்லா வேலையும் கணினியில் நடக்கிறது. அந்தக் கணினிகள் எவ்வளவு பளு தாங்கும், எந்த நாளில் எவ்வளவு பளு வரும், எப்போது திணறும் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் ஆள் இல்லை, அல்லது ஆள் வைக்க மனம் இல்லை. அதனால் அந்த வேலையை வெளியே, எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அடுப்பு மூட்டும் முன்பே சொல்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்து வேறொருவருடையது. பசியும் வேறொருவருடையது. நாங்கள் எண்ணிக்கை மட்டும் சொல்வோம்.

மூன்றாம் மாடியில் ஒரு நீள அறை. ஜன்னல்களைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடியிருப்பார்கள். சுவரில் பன்னிரண்டு திரைகள். ஒன்று துணிக்கடைக்காரர்களுடையது, ஒன்று பேருந்துச் சீட்டு விற்பவர்களுடையது, ஒன்று காப்பீட்டுக்காரர்களுடையது. என் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது ஆம்புலன்ஸ் கம்பெனியின் திரை. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். பளு நூற்றுக்கு எண்பதைத் தொட்டால் மஞ்சளாகி ஒரு மணி ஒலிக்கும். நூற்றைத் தொட்டால் சிவப்பு. அந்த அறையில் குளிர் எப்போதும் அதிகம். என் மேல் இப்போது இருக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டர் அதற்காக அண்ணி பின்னிக் கொடுத்தது.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி இல்லை. எங்கள் இன்ஜினியரின் மனைவி. இன்ஜினியரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்றால், கூப்பிட வேண்டி வந்தால்.

நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் ஆசிரியை என்னை எழுப்பி ஒரு கணக்கின் விடையைச் சொல்லச் சொன்னார். விடை தெரியும். குரல் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். வகுப்பு சிரித்தது. பக்கத்துப் பெண் என் நோட்டை எட்டிப் பார்த்து அதே விடையைச் சொன்னாள். அவளுக்குக் கை தட்டினார்கள். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பிறகு போகாமல் இருப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டில் இருந்த வருடங்களில் நோட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்த என் அக்காதான், திரையில் தெரியும் எண்களை மாத அறிக்கையில் பதிய ஓர் ஆள் வேண்டும் என்றதும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எண்களைப் பதியப் பதிய, அவை அடுத்து எங்கே போகும் என்பது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. படித்தவர்கள் அதற்குச் சூத்திரம் போடுவார்கள். நான் என் நோட்டில் பென்சிலால் கோட்டை இழுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்ஜினியர் அதை ஒரு நாள் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் திரையை என் பொறுப்பில் விட்டார்.

"உன் கண்ணுக்குத் தப்பாப் பட்டா ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார்.

ஆம்புலன்ஸ் கம்பெனிக்கு அழைப்பு வந்தால், எடுப்பவரின் திரையில் ஒரு பக்கம் திறக்க வேண்டும். முகவரி, அருகில் இருக்கும் வண்டி, ஓட்டுநர் எல்லாம் அந்தப் பக்கத்தில் வரும். கணினி திணறினால் பக்கம் திறக்காது. பக்கம் திறக்காமல் அடுத்த அழைப்பை எடுக்க முடியாது. அழைத்தவர்கள் காத்திருக்கச் சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இதற்காக இரண்டு கூடுதல் கணினிகள் தனியே உறங்கிக்கொண்டிருக்கும். எழுப்புவதற்கு நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், இன்ஜினியர் சம்மதம் தர வேண்டும். அவை எழுந்து பளுவைத் தோளில் வாங்க இருபது நிமிடம் ஆகும்.

மூன்று தடவை சொன்னேன். ஒரு தடவை பெரிய மழை. ஒரு தடவை நெடுஞ்சாலையில் விபத்து. ஒரு தடவை ஒரு தொழிற்சாலையில் புகை. மூன்று தடவையும் ஆளாளுக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கணினிகளை எழுப்பினார்கள். மூன்று தடவையும் கோடு அறுபதைத் தாண்டவில்லை. கூடுதலாக இரண்டு பேர் சேர்ந்து தூக்கியதால் மூட்டை லேசாக இருந்தது. லேசான மூட்டைக்கு எதற்கு இன்னும் இரண்டு ஆள் என்று ஆம்புலன்ஸ் கம்பெனி கேட்டது.

மாத அறிக்கையில் 'தேவையற்ற எச்சரிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மூன்று என்று பதிந்தார்கள். பதிந்தவள் நானேதான், அது என் வேலை. தடுக்கப்பட்டது எத்தனை என்று எழுத அந்த அறிக்கையில் கட்டம் இல்லை. நான் மேலிருந்து கீழ் வரை தேடிப் பார்த்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் மேனேஜர் அறிக்கையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புலி வருது, புலி வருதுன்னு மூணு தடவை கிளப்பியாச்சு. எங்கம்மா புலி? வாலையாவது காட்டு."

"விடுங்க சார், அதுவே பூனைக்குட்டி மாதிரி உக்காந்திருக்கு" என்றது பின்வரிசை.

"பூனைன்னா மியாவ்னாவது சொல்லணுமே. இது அதுவும் சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் புலி.

தினமும் காலையில் இன்ஜினியர் பையைக் கீழே வைத்துக்கொண்டே கேட்பார்: "என்ன புலி, இன்னிக்கு வருதா?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். கேலி எது என்று எனக்குத் தெரியும். வகுப்பறையில் நின்றவளுக்கு அது தெரியாமல் போகாது.

அண்ணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரை நான் நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். போனில் நிறையப் பேசியிருக்கிறார். இன்ஜினியர் கூட்டத்தில் இருந்தால் போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அது அடிக்கும்.

"புலியா? அந்த மனுஷன் சாப்பிட்டாரா, இல்ல கோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரா?"

"சாப்பிட்டார் அண்ணி."

"நீ?"

நான் பேசாமல் இருப்பேன்.

"சாப்பிடல. உன் மௌனமே சொல்லுதே. போ, போய்ச் சாப்பிட்டு வா. கோடு எங்கயும் ஓடிப் போயிடாது."

என் மௌனத்துக்கு அர்த்தம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு எட்டாவது மாதம். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. தலைவலி வந்து கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்ஜினியர் அந்த எண்ணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியதை எங்களிடம் சொன்னார். "நம்ம பாக்கற ஆம்புலன்ஸ்தானே, நம்ம புலி காவல் இருக்கு" என்றார். என் ஸ்வெட்டரில் மிச்சமான நூலில் அண்ணி சின்னதாக ஒன்று பின்னிக்கொண்டிருந்தார். "ஊரே வெயில்ல வேகுது, ஸ்வெட்டர் பின்ற ஒரே ஆளு எங்க வீட்ல இருக்கு" என்று இன்ஜினியர் சிரிப்பார். பிறக்கப் போகிற பிள்ளை நேரே இந்த அறையில்தான் வேலைக்குச் சேரப் போகிறது என்பாராம் அண்ணி.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த வாரம் வெப்பம் கூடிக்கொண்டே போனது. மயங்கி விழுகிறவர்கள், மூச்சுத் திணறுகிறவர்கள் என்று அழைப்புகள் நாளுக்கு நாள் ஏறின. அதோடு ஆம்புலன்ஸ் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. திங்கட்கிழமை மத்தியானம் அவர்களுடைய மேலிடத்துக்கு வாரக் கணக்கு போக வேண்டும்; பதினொரு மணிக்கு அதைத் தயாரிக்க ஆரம்பிப்பார்கள். அந்த வேலையும் அழைப்பு எடுக்கும் அதே கணினிகளில்தான் ஓடும். மற்ற வாரங்களில் அதனால் தொல்லை இல்லை. நான் வெப்பத்தின் கோட்டையும் திங்கட்கிழமையின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பென்சிலால் வரைந்தேன். திங்கள், பதினொன்று இருபது. நூறு.

சரிபார்த்தேன். மறுபடி அதுவே வந்தது. பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதினேன்.

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் சொல்லவில்லை என்பது. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. சொன்னால் கணினிகளை எழுப்புவார்கள். எழுப்பினால் கோடு அறுபதில் நின்றுவிடும். நின்றுவிட்டால் நான் சொன்னது பொய். 'தேவையற்ற எச்சரிக்கை: நான்கு.' நான் சரியாகச் சொல்லச் சொல்ல, நான் தப்பு என்பதுதான் காகிதத்தில் ஏறும். எங்கள் தொழிலில் தடுத்த புலி வராத புலி. வராத புலிக்குக் கட்டம் இல்லை.

ஒரே ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என் வார்த்தையை யாரும் தள்ள மாட்டார்கள். வருடக்கணக்காக, எத்தனையோ திங்கட்கிழமைகளில், எத்தனையோ பேர் அதனால் பிழைப்பார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான். நான் கூட்டிக் கழித்துத்தான் பார்த்தேன்.

அந்தச் சனி ஞாயிறில் வீட்டில் ஒரு வேலை செய்தேன். அப்பாவுக்கு இதயம் பலவீனம். அவரைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு முழுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்படி அக்காவிடம் சொன்னேன். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் வரை அங்கேயே இருக்க வேண்டியிருக்கும்.

"திடீர்னு எதுக்குடி? அப்பா நல்லாத்தானே இருக்காரு, நேத்துகூட என்கூட சண்டை போட்டாரே."

"வெயில் அதிகமா இருக்குக்கா."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ வாயத் திறந்து ஒண்ணு கேக்கறதே அதிசயம். சரி, லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வேறு கேள்வி கேட்கவில்லை.

அக்கா உங்களிடம் இதைச் சொன்னபோது உங்களுடன் வந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அதில் தப்பு எதையும் பார்க்கவில்லை. மழை வரும் என்று தெரிந்தவர்கள் கொடியில் காயும் துணியை எடுத்து வைக்க மாட்டார்களா? அண்ணி என் கணக்கில் இல்லை. அவருடைய பிரசவ நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் இன்ஜினியர் வழக்கம்போலக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஒரு எண்ணை மாற்றினேன். எதையும் உடைக்கவில்லை, எதையும் நிறுத்தவில்லை. திரையில் தெரியும் கோடு ஒவ்வொரு நிமிடத்தின் பளுவையும் காட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. அதை ஒரு மணி நேரத்தின் சராசரியாக மாற்றினேன். ஒன்று என்றிருந்த இடத்தில் அறுபது. சராசரி என்பது மிகவும் அமைதியான விஷயம். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் ஒருவரைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாலும், சராசரியில் அவர் நன்றாகத்தான் மூச்சு விடுகிறார்.

அதனால் மணி ஒலிக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு என் எதிரே கோடு பச்சையாக இருந்தது. உண்மையான எண்களை என் சின்னத் திரையில் தனியே திறந்து வைத்திருந்தேன். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று. பதினொன்று இருபத்தேழுக்கு நூறு. நான் நோட்டில் எழுதியதிலிருந்து ஏழு நிமிடம் தள்ளிப் போயிருந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வாரக் கணக்கை அவர்கள் தாமதமாக ஆரம்பித்திருக்கலாம்.

பதினொன்று முப்பத்து நான்குக்கு இன்ஜினியரின் போன் அடித்தது. அன்று அது அவர் கையிலேயே இருந்தது.

"என்ன... எப்போலேர்ந்து? ஆம்புலன்ஸ கூப்பிட்டியா? எடுக்கலையா? மறுபடி அடி. கட் பண்ணாத, பண்ணாத... ஹலோ?"

அவர் சுவரைப் பார்த்தார். "பச்சையாத்தானே இருக்கு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. தன் போனிலிருந்தே ஆம்புலன்ஸ் எண்ணை அடித்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருக்கச் சொல்லும் குரல் எனக்கே கேட்டது. நல்ல குரல். பதற்றமில்லாத குரல்.

"புலி, படிவம் போடு. ரெண்டையும் எழுப்பு" என்று கத்தினார். கணினியில் சம்மதத்தைத் தட்டிவிட்டுப் படியில் ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நான் உடனே நிரப்பினேன். ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கணினிகள் எழுந்து பளுவை வாங்க இருபது நிமிடம் ஆகும் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அண்ணியைப் பக்கத்து வீட்டுக்காரர் காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணி பிழைத்துக்கொண்டார். செய்தியில் இறந்தவர்கள் நான்கு பேர் என்று போட்டிருந்தது. நீங்கள் ஆறு என்றீர்கள். ஆறில் ஒன்றுக்குப் பெயர் வைக்கவில்லை. அதனால்தான் செய்திக்காரர்களின் கணக்கு உங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று நினைக்கிறேன். அதைத் தவிர இன்னொன்றும் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். முகம் வெளுத்திருந்தது. "எப்படி யாருக்கும் தெரியாமப் போச்சு? பன்னெண்டு திரை, பதினாலு பேரு, ஒருத்தருக்குமா தெரியல?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் நானாக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. நோட்டை எடுத்துப் போய் அவர் முன்னால் விரித்து வைத்தேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, நானேதான் காட்டினேன். உங்களுக்கு ஆதாரம் வேண்டும் என்றால் அதுவே ஆதாரம். உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. திங்கள், பதினொன்று இருபது, நூறு. கீழே வெள்ளிக்கிழமைத் தேதி.

அவர் படித்தார். பின்வரிசையும் எட்டிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா?" என்றார் மேனேஜர், ரொம்ப மெதுவாக.

"தெரியும் சார். ஏழு நிமிஷம்தான் வித்தியாசம்" என்றேன். குரல் நன்றாக வந்தது.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கை தட்ட மாட்டார்கள் என்று தெரியும். சாவு நடந்திருக்கிற சமயத்தில் தட்டவும் கூடாது. ஆனாலும் அப்படி ஒரு பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள்.

இனி அந்தக் காலைப் பேச்சு. இதை எழுதாமல் விடலாம். அந்த இடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை, இன்ஜினியரும் இதை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் எதையும் விடமாட்டேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

அவர் அன்று எட்டரைக்கே வந்துவிட்டார். பையைக் கீழே வைக்கவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புலி, இன்னிக்கு விளையாட்டுக்குக் கேக்கல. அண்ணியோட அம்மா ஊருக்குப் போயிருக்காங்க, அவ வீட்ல தனியா இருக்கா. காலைலேர்ந்து லேசாத் தலை வலிக்குதுங்கறா. இன்னிக்குப் பளு எப்படி இருக்கும்? வரும்னா சொல்லு. இப்பவே ரெண்டையும் எழுப்பி வெச்சிட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

என் நோட்டு மேஜையில் மூடி இருந்தது. அதன் மேல் என் கை இருந்தது.

"வராது அண்ணா" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தார். "நீ சொன்னா சரிதான். உனக்குத் தெரியாததா" என்று சொல்லி, தேநீர் எடுக்கப் போனார். எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்.

என் வார்த்தையை ஒருவர் மறுபேச்சு இல்லாமல் நம்பியது அன்றுதான் முதல் தடவை.